புதிய பந்தயக் கார் 'கிட்' எப்போது வரும்?

ஜப்பானிய மாடல் தொழிலில் ஒரு முதலீட்டுக் கணக்கு

"அந்தச் சரக்கு வந்துவிட்டதா?" என்று வாடிக்கையாளர் கேட்பதும், "அடுத்த வாரம் வந்துவிடும்" என்று நாம் சொல்லி அனுப்புவதும் எல்லாக் கடையிலும் அன்றாடம் நடப்பவைதான். பருப்பு, பிஸ்கட், சோப்பு என்றால் மண்டிக்கோ ஏஜென்சிக்கோ ஒரு வார்த்தை சொன்னால் போதும். சரக்கு வந்து இறங்கிவிடும். ஆனால் ஒரு சரக்கை வாடிக்கையாளர்கள் ஆண்டுக் கணக்கில் கேட்கிறார்கள்; அவர்கள் கையில் பணம் இருக்கிறது; விற்கக் கடைக்காரர் தயாராக இருக்கிறார்; தயாரிக்கும் திறமையுள்ள கம்பெனிகளும் இருக்கின்றன; ஆனாலும் சரக்கு மட்டும் வருவதில்லை, வந்தாலும் அத்தி பூத்தாற்போல் ஒன்றிரண்டு என்றால், அங்கே ஏதோ கணக்கு இடிக்கிறது என்றுதானே பொருள்?

ஜப்பான், ஐரோப்பா, அமெரிக்கா ஆகிய இடங்களில் உள்ள 'ஹாபி' கடைக்காரர்களுக்கு அப்படிப்பட்ட சரக்கு ஒன்று உண்டு. அதுதான் இக்காலப் பந்தயக் கார்களின் மாடல் கிட். மளிகைக் கடைக்காரருக்கும் பொம்மைக் காருக்கும் என்ன சம்பந்தம் என்று அன்பர்கள் கேட்கலாம். சரக்கு வேறு என்றாலும் கணக்கு ஒன்றுதான். வாடிக்கையாளரின் ஆசை எந்த இடத்தில் உறுதியான கிராக்கியாக மாறுகிறது என்பதை இந்தத் தொழிலைப் போல் தெளிவாகக் காட்டும் தொழில்கள் குறைவு.

பொருள் என்ன?

கடையில் விளையாட்டுக்கு வாங்கும் ரெடிமேட் பொம்மைக் கார் அல்ல இது. பெட்டியைத் திறந்தால் உள்ளே பிளாஸ்டிக் சட்டங்கள் இருக்கும். சட்டத்தில் காய் காய்த்தாற்போல் சிறு சிறு பாகங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றை வெட்டி எடுத்து, பிசிறு தேய்த்து, பசையால் ஒட்டி, பெயிண்ட் அடித்து, விளம்பரப் பெயர்களும் எண்களும் அச்சிட்ட மெல்லிய படங்களைத் தண்ணீரில் நனைத்து ஒட்டி முடித்தால், உண்மைக் காரின் அச்சு அசலான சிறு உருவம் கிடைக்கும். பொறுமைசாலிக்கு இது ஒரு மாத வேலை.

நம் கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005-ஆம் ஆண்டு ஜோர்டான் அணிக்காக ஓட்டினாரே, அந்தப் பார்முலா ஒன் கார்களை 20-இல் ஒரு பங்கு அளவில் செய்வது இந்தத் தொழிலில் நெடுநாள் வழக்கம். மூடிய கூரை கொண்ட கார்களை 24-இல் ஒரு பங்கு அளவில் செய்வார்கள். 2025 வரை பார்முலா ஒன் காரின் அகலம் 2 மீட்டர் வரை இருக்கலாம் என்பது விதி. மாடலில் அது 10 சென்டிமீட்டர். 2026 விதிகளில் அகலம் 1,900 மில்லிமீட்டராகவும், முன் பின் சக்கரங்களுக்கு இடையேயான தூரம் 3,600-இலிருந்து 3,400 மில்லிமீட்டராகவும் குறைக்கப்பட்டன. மாடலில் பார்த்தால் அகலத்தில் 5 மில்லிமீட்டரும் நீளத்தில் 10 மில்லிமீட்டரும்தான் வித்தியாசம். ஆனால் இந்தச் சிறு வித்தியாசத்துக்காகப் பழைய அச்சு முழுவதையும் ஒதுக்கிவிட்டுப் புதிதாகச் செய்ய வேண்டும். தொல்லை தொடங்குவது இங்கேதான்.

மரக்கடையில் பிறந்த தொழில்

இந்தத் தொழிலின் தலைநகரம் ஜப்பானிலுள்ள ஷிசுவோகா. டாமியா, அவோஷிமா, ஃபுஜிமி முதலிய கம்பெனிகள் அந்த நகரத்தைச் சேர்ந்தவை. ஹசெகாவா அருகிலுள்ள யாய்சு ஊரில் இருக்கிறது. மரவேலைக்குப் பேர் போன வட்டாரம் அது. 1946-இல் யோஷியோ டாமியா என்பவர் அங்கே தொடங்கியது மரம் அறுத்து விற்கும் வியாபாரம். பிறகு மரத்தில் கப்பல் மாடல்கள் செய்யத் தொடங்கி, 1953-இல் மர வியாபாரத்தை விட்டுவிட்டு மாடல் தொழிலிலேயே முழுமையாக இறங்கினார்.

அமெரிக்காவிலிருந்து பிளாஸ்டிக் கிட் வந்து இறங்கியதும் மரச் சரக்குக்கு மவுசு போயிற்று. டாமியா கம்பெனியும் 1960-இல் 'யமாதோ' போர்க்கப்பலைப் பிளாஸ்டிக்கில் செய்தது. அதே நேரத்தில் போட்டிக் கம்பெனியும் அதே கப்பலை 350 யென் விலையில் இறக்கிவிட்டது. டாமியாவும் அந்த விலைக்கே இறங்க நேர்ந்தது. விளைவு, அச்சுக்குப் போட்ட முதலே திரும்பவில்லை.

அப்போது அந்தக் கம்பெனியைக் காப்பாற்றியது எது தெரியுமா? ஒரு சிறிய பந்தயக் கார்! வேறு பிளாஸ்டிக் பொம்மைக்காகச் செய்து உபயோகமின்றிக் கிடந்த அச்சைக் கொண்டு மலிவான சிறு பந்தயக் கார் ஒன்றைத் தயாரித்தார்கள். அது எதிர்பாராமல் நன்றாக விற்றது. அந்த வரும்படியில்தான் அடுத்த பெரிய அச்சுக்குத் துணிந்தார்கள். பெரிய கப்பல் கவிழ்த்த முதலைச் சிறிய கார் மீட்டுத் தந்தது என்று சொல்லலாம்.

போர்ஷே காரைப் பிரித்துப் போட்ட முதலாளி

யோஷியோவின் மகன் ஷுன்சாகு டாமியா காலத்தில் கம்பெனி உலகப் புகழ் பெற்றது. 2025 ஜூலையில், தமது 90-ஆவது வயதில் அவர் காலமானார். 1967-இல் ஹோண்டாவின் ஆர்ஏ273 பார்முலா ஒன் காரை 12-இல் ஒரு பங்கு அளவில் அவர்கள் வெளியிட்டது இந்தத் துறையில் ஒரு திருப்பம். முன்னால் நான்கு சிறு சக்கரங்களும் பின்னால் இரண்டு பெரிய சக்கரங்களும் கொண்ட டைரல் பி34 கார் 1976-இல் ஸ்வீடன் பந்தயத்தில் முதல் இரண்டு இடங்களையும் பிடித்தபோது உலகமே வேடிக்கை பார்த்தது. டாமியாவின் 20-இல் ஒரு பங்கு வரிசை அந்த ஆறு சக்கரக் காரோடுதான் தொடங்கியது.

அதே 1976-ஆம் ஆண்டு போர்ஷே 934 காரை மாடலாகச் செய்தபோது, ஷுன்சாகு உண்மையான போர்ஷே கார் ஒன்றையே விலைக்கு வாங்கி, பாகம் பாகமாகப் பிரித்துப் பார்த்தார். மாடல் அருமையாக வந்தது. செலவோ எல்லை மீறிப் போயிற்று. அந்தச் செலவை எப்படி ஈடு கட்டுவது என்று யோசித்ததில், அதே உடலை வைத்து ரேடியோ மூலம் இயக்கும் கார் ஒன்றைச் செய்தார்கள். அதுவே கம்பெனிக்கு ஒரு புதிய பெரிய வியாபாரமாக வளர்ந்தது.

1982-இல் வந்த 'மினி 4டபிள்யூடி' என்ற சிறிய பேட்டரிக் கார்களின் கதையும் இதைப் போன்றதே. சிறுவர்கள் பாக்கெட் பணத்தில் வாங்கக்கூடிய விலையில் வந்த அந்தக் கார்கள் இதுவரை 15 கோடிக்கும் மேல் விற்றிருக்கின்றன. நம் கடையில் தீப்பெட்டி, சர்க்கரை போன்ற தினசரிச் சரக்குகள் கல்லாவை ஓட்டிக்கொண்டிருப்பதால்தானே, மெதுவாக விற்கும் விலையுயர்ந்த சரக்கை அலமாரியில் வைக்கத் துணிகிறோம்? அங்கேயும் அப்படித்தான்.

1980-களின் கடைசியில் ஹோண்டா என்ஜின் பந்தயங்களை அள்ளிக் குவித்தது. 1988-இல் மட்டும் மக்லாரன்-ஹோண்டா 16 பந்தயங்களில் 15-ஐ வென்றது. ஜப்பானில் பார்முலா ஒன் மோகம் தலைக்கேறியிருந்த காலம் அது. டாமியா போன்ற கம்பெனிகளின் பந்தயக் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அப்போது கடைக்கு வந்த சிறுவர்கள்தாம் இன்று நடுவயதைத் தாண்டிய வாடிக்கையாளர்கள்.

இப்போது ஏன் தயக்கம்?

பிறகு ஓட்டம் குறைந்தது. டாமியாவின் 20-இல் ஒரு பங்கு வரிசையில் 2009-ஆம் ஆண்டின் பெராரி எஃப்60, 2010-இன் ரெட்புல் ஆர்பி6, 2017-இன் பெராரி எஸ்எஃப்70எச் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய கார்களே வந்தன. மெர்சிடிஸ் அணி 2014 முதல் 2021 வரை தொடர்ந்து எட்டு ஆண்டுகள் அணிகளுக்கான சாம்பியன் பட்டத்தை வென்றது. அந்த எட்டு ஆண்டுகளிலும் அந்த வரிசையில் ஒரு மெர்சிடிஸ் பந்தயக் கார்கூட வரவில்லை! வெல்லும் குதிரையின் மேல் யாரும் பணம் கட்டவில்லை என்பது போலிருக்கிறது. ஆனால் காரணம் இல்லாமல் இல்லை.

முதல் காரணம் அச்சு. தொழிலாளர்கள் 'மோல்டு' என்பார்கள். எஃகில் துல்லியமாகக் குடைந்த இரண்டு பாளங்களுக்கு நடுவே, உருக்கிய பிளாஸ்டிக்கை அழுத்தத்தோடு செலுத்தி ஆறவைத்து எடுப்பதுதான் முறை. பிளாஸ்டிக்கின் விலை அற்பம். எஃகு அச்சின் விலைதான் மலை. ஒரு பேச்சுக்கு, ஒரு காருக்கான அச்சுகளுக்கு 1 கோடி ரூபாய் செலவு என்று வைத்துக்கொள்வோம். 1 லட்சம் பெட்டி விற்றால் ஒரு பெட்டியின் மேல் விழும் அச்சுச் செலவு 100 ரூபாய். 10,000 பெட்டி விற்றால் 1,000 ரூபாய். 2,000 பெட்டிதான் விற்கும் என்றால் 5,000 ரூபாய்! கூலி, பெட்டி, அச்சிட்ட படம், மொத்த வியாபாரியின் லாபம், சில்லறைக் கடையின் லாபம் எல்லாம் அதற்கு மேல்தான். ஆக, எத்தனை பெட்டி விற்கும் என்ற கேள்விக்குத் தைரியமாகப் பதில் சொல்ல முடியாதவர் அச்சில் கை வைக்க மாட்டார்.

இரண்டாவது காரணம், சரக்கு பழசாகும் வேகம். பார்முலா ஒன் கார் ஒரு பருவத்துக்குள்ளேயே பல முறை உருமாறும். மேலே சொன்ன பெராரி எஸ்எஃப்70எச்சையே எடுத்துக்கொள்ளுங்கள். அது ஓடியது 2017-இல். 2018-இல் ஓட்டுநரின் தலைக்கு மேல் 'ஹாலோ' என்ற டைட்டானியம் வளையம் கட்டாயமாயிற்று. ஒரே ஆண்டில் பந்தயக் காரின் தோற்றமே மாறிவிட்டது. 2022-இல் சக்கரத்தின் அளவு 13 அங்குலத்திலிருந்து 18 அங்குலமாயிற்று. பல கார்களுக்குப் பொதுவாக உபயோகித்துச் செலவைப் பங்கிட்டுவந்த டயர் அச்சு, சக்கர அச்சுகூட அதோடு உதவாமல் போயிற்று. 2026-இல் மறுபடியும் அளவுகள் மாறின. தீபாவளிக்கு வாங்கிய பட்டாசு பொங்கலுக்கு மிஞ்சினால் நமக்கு எப்படியிருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

மூன்றாவது காரணம் உரிமம். ஒரு பந்தயக் காரின் மேல் இருபது கம்பெனிகளின் பெயர்கள் இருக்கும். அணியிடம் அனுமதி வாங்க வேண்டும். டயர் கம்பெனி, விளம்பரக் கம்பெனி என்று ஒவ்வொருவரிடமும் பேச வேண்டியிருக்கும். அதற்கெல்லாம் ராயல்டி உண்டு. போட்டி அணிகள் பார்த்துவிடும் என்று காரின் அடிப்பாகத்தையும் உள் அமைப்பையும் அணிகள் எளிதில் காட்டுவதும் இல்லை. போர்ஷேயை வாங்கிப் பிரித்தது போல இந்தக் காரைப் பிரித்துப் பார்க்க முடியாது.

பழைய கார்களிலும் ஒரு சிக்கல் இருந்தது. அவற்றின் உடல் முழுக்கச் சிகரெட் விளம்பரங்கள். 2005 ஜூலை இறுதியோடு ஐரோப்பிய யூனியனில் பந்தயங்களுக்குப் புகையிலைக் கம்பெனிகள் விளம்பர ஆதரவு தருவது தடை செய்யப்பட்டது. சிறுவர்களும் வாங்கும் பெட்டிக்குள் சிகரெட் பெயர் அச்சிட்டுத் தருவதைக் கிட் கம்பெனிகள் நிறுத்திவிட்டன. அந்த வெற்றிடத்தில் சிறு அச்சகத்தார் நுழைந்து, அந்தப் படங்களை மட்டும் தனியாக அச்சிட்டு விற்கிறார்கள். பெரியவர் விட்ட இடத்தில் சிறியவர் பிழைப்பது எல்லாத் தொழிலிலும் உண்டுதானே?

உரிமம் போன திசை

அப்படியென்றால் பந்தயக் காருக்கு வாங்குபவர் இல்லையா என்றால், அதுதான் இல்லை. 2019-இல் தொடங்கிய நெட்ஃபிளிக்ஸ் தொடர் இந்தப் பந்தயத்துக்குப் புதிய இளம் ரசிகர்களைக் கொண்டுவந்தது. அந்தக் கூட்டத்தைப் பெரிய பொம்மைக் கம்பெனிகள் முதலில் கண்டுகொண்டன. லெகோ 2024-இல் பார்முலா ஒன்னோடு பல ஆண்டு ஒப்பந்தம் செய்து, 2025-இல் பத்து அணிகளின் கார்களையும் இறக்கியது. 2025 மே மாதம் மியாமி பந்தயத்தில், ஒவ்வொன்றும் சுமார் 4 லட்சம் லெகோ கட்டைகளால் ஆன பத்து முழு அளவுக் கார்களில் ஓட்டுநர்களையே உட்காரவைத்து ஓட்டிக் காட்டியது. ஹாட்வீல்ஸ் பொம்மைகளைச் செய்யும் மேட்டல் கம்பெனியும் 2024-இல் இதுபோல ஒப்பந்தம் செய்துகொண்டது. அலமாரியில் வைத்து அழகு பார்ப்பவருக்கு ஸ்பார்க், புராகோ போன்ற கம்பெனிகள் முழுதும் முடித்த சிறு கார்களைத் தருகின்றன.

இதனால் கிட் விற்கும் சிறு ஹாபி கடைக்காரருக்குத்தான் இடி. புது ரசிகனான பையன் கடைக்கு வருகிறான். நேற்று தொலைக்காட்சியில் பார்த்த காரைக் கேட்கிறான். கடையில் இருப்பதோ அவன் தந்தை பிறக்கும்போது ஓடிய கார். பையன் லெகோ பெட்டியை வாங்கப் பெரிய அங்காடிக்குப் போய்விடுகிறான். கிட் வாங்குபவர் கிட்டோடு நிற்பதில்லை. பசை, பெயிண்ட், தூரிகை, கத்தி, அரம் என்று வந்துகொண்டே இருப்பார். ஒரு பையன் திரும்பிப் போனால், பல ஆண்டுகளுக்கு வந்துபோகக்கூடிய ஒரு வாடிக்கையாளர் போய்விட்டார் என்று பொருள். பழைய வாடிக்கையாளருக்கு வயதாகிறது. புதியவர் உள்ளே வர வாசலில் ஒரு புதுச் சரக்கு வேண்டும். ஹாபி கடைகளின் கவலை இதுதான்.

நம்பிக்கை தரும் வழிகள்

இருந்தாலும் ரசிகர்களின் எதிர்பார்ப்பு வெறுங்கனவு அல்ல. கணக்குப் பொருந்தி வருகிற இடங்கள் சில உண்டு.

முதலாவது, 'ஜிடி3' என்ற வகைக் கார்கள். பிஎம்டபிள்யூ, மெர்சிடிஸ், போர்ஷே முதலிய கம்பெனிகள் ஒரே மாதிரிக் காரைச் செய்து பல தனியார் அணிகளுக்கு விற்கின்றன. கார் ஒன்று, அணிக்கு அணி நிறமும் விளம்பரமும் வேறு. கிட் கம்பெனிக்கு இது வரப்பிரசாதம். ஓர் அச்சைச் செய்துவிட்டு, உள்ளே வைக்கும் படத்தாளை மட்டும் மாற்றி மாற்றிப் புதுப் பெட்டியாக இறக்கலாம். டாமியா மெர்சிடிஸ்-ஏஎம்ஜி ஜிடி3 காரையும், நூனூ என்ற கம்பெனி பிஎம்டபிள்யூ எம்6 ஜிடி3, ஆடி ஆர்8 கார்களையும் வெளியிட்டன. ஒரே மாவை இட்லியாகவும் தோசையாகவும் விற்கும் வித்தை நமக்குத் தெரியாததா?

இரண்டாவது, லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தின் 'ஹைப்பர்கார்' வகை. 2021-இல் தொடங்கிய இந்த வகையில் டொயோட்டா, பெராரி, போர்ஷே, பெஜோ, காடிலாக் எனப் பெரிய பெயர்கள் இறங்கின. பெராரி 499பி 2023, 2024, 2025 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து வென்றது. இந்த வகையில், ஒருமுறை அங்கீகாரம் பெற்ற காரின் உருவத்தை நினைத்தபடி மாற்ற முடியாது. சில ஆண்டுகளுக்கு ஏறக்குறைய அதே உருவம்தான். எனவே அச்சு ஒரே ஆண்டில் பழசாகிவிடாது. 1991-இல் லெ மானை வென்ற மாஸ்டா 787பி காரின் கிட் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் மறு வெளியீடாக வந்து விற்றதை நினைத்தால், இந்தக் கார்களுக்கும் நீண்ட ஆயுள் இருக்கும் என்று ரசிகர்கள் எதிர்பார்ப்பதில் நியாயம் உண்டு.

மூன்றாவது, 2026 பார்முலா ஒன் விதிகள். எல்லா அணிகளும் புதிய காரோடு தொடங்க வேண்டிய ஆண்டு அது. ஆடி, காடிலாக் என்ற புதிய பெயர்களும் சேர்ந்தன. விதி மாறிய முதல் ஆண்டில் அச்சுச் செய்பவருக்கு, அடுத்த மாற்றம் வரும்வரை சக்கரம், டயர் போன்ற பொதுப் பாகங்களைப் பல கார்களுக்குப் பங்கிட வழி உண்டு. கடைசி ஆண்டில் செய்பவருக்கு அந்த வசதி இல்லை. அச்சு செய்யத் துணிபவருக்கு ஏற்ற காலம் விதி மாற்றத்தின் தொடக்கமே.

நான்காவது, சிறு பட்டறைகள். எஃகு அச்சுக்குப் பதிலாகச் சிலிக்கான் ரப்பர் அச்சில் ரெசின் ஊற்றி எடுப்பது இவர்கள் முறை. ஓர் ரப்பர் அச்சில் சில பத்துப் பிரதிகள்தான் எடுக்க முடியும். விலையும் பல மடங்கு. ஆனால் முதலீடு சிறிது. நூறு பேர் வாங்கினாலே தொழில் நடக்கும். ஜப்பானின் மாடல் ஃபாக்டரி ஹிரோ, இத்தாலியின் டாமியோ போன்றவை உலோகமும் ரெசினும் கலந்து இப்படித்தான் காலம் தள்ளுகின்றன. பெரிய கம்பெனி தொடாத காரை இவர்கள் தொடுகிறார்கள்.

கேட்பவர் வேறு, வாங்குபவர் வேறு

ஷிசுவோகாவில் ஆண்டுதோறும் மே மாதம் ஹாபி கண்காட்சி நடக்கும். முதல் நாட்கள் வியாபாரிகளுக்கு, பிறகுதான் பொதுமக்களுக்கு. வரப்போகும் சரக்குகளைக் கம்பெனிகள் அங்கே காட்டுகின்றன. பல மாதம் முன்னதாகவே அறிவித்து, மொத்த வியாபாரிகள் வழியாகக் கடைகளின் ஆர்டரை வாங்கிக்கொண்ட பிறகு எத்தனை பெட்டி போடலாம் என்று முடிவு செய்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் சில்லறைக் கடைக்காரரின் பலம் இருக்கிறது. ஆயிரம் பேர் "அந்தக் கார் வந்தால் நன்றாக இருக்கும்" என்று பேசலாம். கம்பெனிக்கு அது வெறும் சத்தம். இருபது வாடிக்கையாளர் பெயரை எழுதி, கொஞ்சம் முன்பணமும் வாங்கி, "என் கடைக்கு இருபது பெட்டி" என்று அனுப்பும் ஆர்டர்தான் கணக்கில் ஏறும். இப்படி நூறு கடைகள் எழுதினால் 2,000 பெட்டி. நாம் மேலே போட்ட கணக்கில் 2,000-க்கும் 10,000-க்கும் உள்ள வித்தியாசம்தான் சரக்கு வருவதற்கும் வராமல் போவதற்கும் உள்ள வித்தியாசம்.

நம் கல்லாப் பெட்டியின் பக்கத்திலும் ஒரு நோட்டு வைக்கலாம். இல்லை என்று சொல்லி அனுப்பிய சரக்கின் பெயர், கேட்டவர் யார், எத்தனை முறை கேட்டார், முன்பணம் தரத் தயாரா என்ற நான்கையும் அதில் எழுதி வரலாம். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், எது வெறும் ஆசை, எது உறுதியான கிராக்கி என்று அந்த நோட்டே சொல்லும். ஏஜென்சிக்காரரிடம் பேசும்போது நம் வார்த்தைக்கும் ஒரு கனம் இருக்கும்.

பந்தயக் காருக்காகக் காத்திருக்கும் ஹாபி கடைக்காரர்களும் இந்த நோட்டோடுதான் அடுத்த மே மாதக் கண்காட்சிக்குப் போக வேண்டும். அவர்கள் கேட்கும் கார் வரட்டும். திரும்பிப் போன பையன்கள் மீண்டும் கடைக்கு வரட்டும் என்று நாமும் வாழ்த்துவோம்.